கன்றுத்தோலைப் போன்ற செயற்கைத் தோல்: கைக்கு எப்படி, காதுக்கு எப்படி?

கரையோரத் தாளம் (குருநகர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பப்பா ஒரு பாண்ட் வாத்தியக் குழுவில் நெடுங்காலம் பெரிய ட்ரம் அடித்தவர். அவர் விட்டுச்சென்ற ட்ரம்கள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. ஒன்று 28 அங்குல விட்டமுள்ள பெரியது. மற்றையது 14 அங்குல விட்டமும் ஆறரை அங்குல ஆழமும் கொண்ட மரச் சைட் ட்ரம். இரண்டும் கன்றுத்தோல் பூட்டி வந்தவை. பெரியதின் ஒரு பக்கத் தோல் நான் பிறப்பதற்கு முன்பே கிழிந்துவிட்டது. மறுபக்கத் தோலை நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எலி தின்றுவிட்டது. சைட் ட்ரம்மின் தோலும் பிறகு வெடித்துப் போக, இரண்டுக்கும் வெள்ளைப் பூச்சுள்ள சாதாரண பொலியெஸ்ரர் தோலைப் பூட்டித்தான் இதுவரை பாவித்து வந்தேன்.

அந்த வெள்ளைத் தோல்மீது எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. அடி விழும் கணத்தில் ஒலி தெளிவாகத்தான் எழுகிறது. ஆனால் அடி முடிந்த பின்னும் 'ணீங்' என்றொரு ஓசை பின்னால் இழுபட்டு வருகிறது. அதை அடக்கத் துணியை ஒட்டினேன், கைலேஞ்சியை மடித்து வைத்தேன், பழைய தோலின் ஓரத்தை வளையமாக வெட்டிப் போட்டும் பார்த்தேன். ஓசை அடங்கும்போது ட்ரம்மின் உயிரும் சேர்ந்து அடங்குகிறது.

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து வந்த மாமா, ரெமோ நிறுவனத்தின் ஃபைபர்ஸ்கின் தோல்கள் இரண்டைக் கொண்டுவந்து தந்தார். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே நார் ஓடியிருப்பது தெரிகிறது. நாலடி தள்ளி நிற்பவருக்கு இது பிளாஸ்ரிக் என்று சொன்னால்தான் விளங்கும். சைட் ட்ரம்மில் பூட்டியதும் அந்த 'ணீங்' பெரும்பாலும் போய்விட்டது. ஒலி தடித்தது, சற்று இருண்டது, எனக்குப் பிடித்தது. பிடிபடாதது குச்சி எழும் விதம். அப்பப்பாவின் தோலில் சிறுவயதில் அடித்த நினைவு என் கையில் இன்னும் இருக்கிறது: குச்சி தோலுக்குள் ஒரு மயிரிழை இறங்கி, அதன்பிறகு எழும். இந்தத் தோலில் அது இறங்குவதாகவே எனக்குத் தெரியவில்லை.

என் நினைவு பிழையா, தோல் பிழையா, அல்லது நான் இழுத்துப் பூட்டிய விதம் பிழையா? உண்மையான கன்றுத்தோலையும் இதையும் அருகருகே வைத்து வாசித்தவர்கள் இங்கே இருந்தால், தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

---

பனியில் ஒரு பனை (ரொறன்ரோ) எழுதியது:

தம்பி, உங்கள் கேள்விக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். நான் வாசிக்கும் சிறிய ஜாஸ் குழுவில் ஒருவர் 1930களின் சைட் ட்ரம் ஒன்றை உண்மையான கன்றுத்தோலுடன் இன்றும் வைத்திருக்கிறார். அவருடையதையும் என் ஃபைபர்ஸ்கின்னையும் ஒரே மாலையில் மாற்றி மாற்றிப் பலமுறை வாசித்திருக்கிறேன்.

முதலில் இந்தத் தோல் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1950களின் நடுப்பகுதி வரை மேற்கத்திய ட்ரம் அனைத்துக்கும் விலங்குத் தோல்தான். டூபொன்ட் நிறுவனத்தின் மைலார் என்னும் பொலியெஸ்ரர் படலம் சந்தைக்கு வந்த பிறகு, இவான்ஸ் ஒரு பக்கமும் ரெமோ மறுபக்கமுமாக அதை வளையத்தில் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். ரெமோ பெல்லி தம் நிறுவனத்தைத் தொடங்கிய ஆண்டு 1957. மழைக்கும் வெயிலுக்கும் அசையாத தோல் என்றதும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் கன்றுத்தோல் ஏறக்குறைய மறைந்தே போனது. சுருதியைப் பற்றிய கவலை தீர்ந்த பிறகுதான் பழைய ஒலியை இழந்துவிட்டோமே என்ற ஏக்கம் ஆட்களுக்கு வந்தது. பொலியெஸ்ரர் படலத்தின்மீது நார்ப்படை ஒன்றை ஒட்டிச் செய்த ஃபைபர்ஸ்கின் அந்த ஏக்கத்துக்குச் செய்த மருந்து. பின்னர் அதே ரெமோவிலிருந்து நார்ப்படை மெல்லியதான ஸ்கின்டோன் வந்தது. இவான்ஸிடமிருந்து கால்ஃப்டோன் வந்தது. நிறத்தில் எல்லாம் உடன்பிறப்புகள், குணத்தில் அப்படியில்லை.

இனிக் கைக்கு வருகிறேன். உண்மையான கன்றுத்தோல் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பில் இராது. கன்றின் முதுகெலும்பு ஓடிய கோடு தோலில் மங்கலாகத் தெரியும். அதன் இரு மருங்கிலும் தடிப்பு மெல்ல மாறும். கன்றுத்தோல் பூட்டிய டிம்பனி என்னும் கிண்ண வடிவப் பெருமுரசை வாசிப்பவர்கள் அந்த முதுகுக்கோடு எந்தத் திசையில் கிடக்கிறது என்று பார்த்தே அடிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். ஃபைபர்ஸ்கின்னில் அந்தத் தேடலுக்கு வேலை இல்லை. எங்கே அடித்தாலும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள்.

குச்சி ஒரு மயிரிழை இறங்குவதாக எழுதியிருந்தீர்கள். அது உண்மை, நினைவு உங்களை ஏமாற்றவில்லை. கன்றுத்தோல் அடியின் ஒரு பங்கைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. பொலியெஸ்ரர் வாங்கியதைப் பெரும்பாலும் உடனேயே திருப்பித் தந்துவிடுகிறது. நார்ப்படை ஒட்டிய தோல் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது; ஆனால் இடையில் என்றாலும் பொலியெஸ்ரருக்குத்தான் அது கிட்ட. காதுக்குப் பத்தில் ஏழு, கைக்குப் பத்தில் நாலு என்பேன். இது என் கை போட்ட புள்ளி. இன்னொருவர் கை வேறு புள்ளி போடலாம்.

குச்சிக்குப் பதிலாகக் கம்பித் துடைப்பம் போன்ற பிறஷால் வாசிப்பீர்களா என்று தெரியவில்லை. வாசிப்பீர்களானால் அங்கேதான் இந்தத் தோலின் சுபாவம் முழுவதும் வெளிப்படும். வெள்ளைப் பூச்சுத் தோலில் பிறஷைச் சுழற்றினால் மணற்கடதாசியில் தேய்த்தது போன்ற உரத்த ஓசை வரும். கன்றுத்தோலில் அது தணிந்து, பாவாடை உரசும் ஓசை போல் இருக்கும். ஃபைபர்ஸ்கின் அந்தத் தணிவை நன்றாகப் பிடித்துவிடுகிறது. ஆனால் பாண்ட் ஊர்வலத்தில் யார் பிறஷ் வாசிக்கப் போகிறார்கள்!

---

சுருதிப்பெட்டி (கொக்குவில்) எழுதியது:

நான் பௌதிகவியல் படிப்பிப்பவன். ட்ரம் வாசிப்பவன் அல்லன். ஆயினும் முதற்பதிவின் கேள்வியில் 'நான் இழுத்துப் பூட்டிய விதம் பிழையா' என்ற பகுதி என் பாடத்துக்குள் வருவதால் குறுக்கிடுகிறேன்.

நன்கு இழுத்த ஒரு தோலின் அடிப்படை அதிர்வெண், இழுவிசையை ஓரலகுப் பரப்பின் திணிவால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதமாகும். ஒரே ட்ரம்மில் தோலை மட்டும் மாற்றும்போது விட்டம் மாறுவதில்லை, திணிவு மாறுகிறது. சாதாரண நடுத்தரத் தடிப்புத் தோலின் படலம் 10 மில், அதாவது ஏறத்தாழ கால் மில்லிமீற்றர். அதன்மீது நார்ப்படையும் பசையும் ஏறும்போது பரப்புத்திணிவு கூடுகிறது. உதாரணத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுவிசையை மாற்றாமல் விட்டால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் கீழே இறங்கும். நீங்கள் பழைய சுருதி காதில் நிற்பதால் அதே உயரத்துக்குத் தோலை ஏற்றுவீர்கள். அப்படி ஏற்ற, இழுவிசையையும் அதே ஐந்தில் ஒரு பங்கு கூட்டவேண்டும். இழுவிசை கூடிய தோல் குச்சிக்குக் கடினமாகத்தான் இருக்கும்.

ஆகவே நீங்கள் உணர்ந்த கடினத்தில் ஒரு பங்கு தோலுடையது அன்று, திருகாணிச் சாவியுடையது. முன்பிருந்த சுருதிக்கு ஏற்றாமல் ஒரு சுரம் கீழே விட்டுப் பாருங்கள்.

'ணீங்' என்ற ஓசைக்கும் காரணம் சொல்லலாம். எங்கும் ஒரே தடிப்புள்ள வட்டத் தோலின் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வெண்ணின் 1.59, 2.14, 2.30, 2.65 மடங்குகளில் விழுகின்றன. இவை முழுவெண் மடங்குகள் அல்லாதபடியால் காது அவற்றை ஒரு சுரமாகச் சேர்த்துக்கொள்ளாது. தனித்தனியாக இரைச்சலாகவே கேட்கும். பொலியெஸ்ரருக்குள் உள்ளுராய்வு குறைவு என்பதால் அவை நெடுநேரம் நீடிக்கின்றன. நார்ப்படை ஒட்டியதும், தோல் வளையும் ஒவ்வொரு முறையும் நாரும் பசையும் ஒன்றோடொன்று உராய்ந்து சக்தியைத் தின்கின்றன. உயர்ந்த மேலதிர்வுகளில் தோல் கூர்மையாகவும் விரைவாகவும் வளைவதால் அவையே முதலில் சாகின்றன. 'இருண்ட ஒலி' என்று நீங்கள் எழுதியது இதைத்தான்.

---

மருதடி நிழல் (மருதனார்மடம்) எழுதியது:

சுருதிப்பெட்டி ஐயா மேலதிர்வுகளைப் பற்றி எழுதியதைப் பார்த்த பிறகு, மிருதங்கம் பயிலும் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. அவர் சொன்ன முழுவெண்ணுக்கு அடங்காத மேலதிர்வுகளை அடக்கி வழிக்குக் கொண்டுவரத்தான் வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், நடுவே கரணை என்னும் கரும்பொட்டு இடுகிறோம். சோறும் கிட்டக்கல் மாவும் சேர்த்துப் படைபடையாகத் தேய்த்து நடுவில் திணிவைக் கூட்டும்போது, மேலதிர்வுகள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்ற ஒழுங்குக்குக் கிட்ட வந்துவிடுகின்றன. இதை விஞ்ஞான உலகத்துக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் சி. வி. ராமன், 1920இல் நேச்சர் இதழில் இன்னொருவருடன் சேர்ந்து சுருக்கமாகவும், 1934இல் விரிவாகவும் எழுதினார். மேற்கத்திய ட்ரம் செய்தவர்கள் மேலதிர்வைக் கொல்லப் பார்த்தார்கள். நம்மவர்கள் அதற்குச் சுரம் சொல்லிக்கொடுத்தார்கள்.

செயற்கைத் தோல் மிருதங்கத்துக்கும் வந்திருக்கிறது. பெங்களூரில் வரதரங்கன் என்பவர் பொலியெஸ்ரர் படலத்தைப் பாவித்து மிருதங்கம் உருவாக்கியிருக்கிறார். அந்த வகை மிருதங்கம் ஒன்றை ஒரு நண்பரின் வீட்டில் ஒரு பிற்பகல் முழுவதும் வாசித்தேன். 'தீம்' என்ற சொல் அதில் நன்றாக, சுத்தமாக விழுகிறது. 'நம்' விழும்போது விரல் படும் இடம் வழுக்குவது போல் இருந்தது. எனக்கு உண்மையில் இடைஞ்சல் தந்தது தொப்பி என்னும் இடப்பக்கம். உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி நகர்த்திக் குமுக்கி எடுக்கும்போது, தோலாயிருந்தால் கையோடு கூடவே வரும். இதில் கை தனியே போகிறது, தோல் தனியே நிற்கிறது.

கரையோரத் தாளம் அண்ணா எழுதிய 'மயிரிழை'யும் இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். குச்சி முனையால் உணர்வதை நாங்கள் நேரே உள்ளங்கையால் உணர்கிறோம், அவ்வளவுதான். காலையில் எழுந்து ரவை பிசைந்து தொப்பியில் அப்பி, வாசித்து முடிந்ததும் சுரண்டி எடுக்கும் வேலை அந்த மிருதங்கத்தில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே அதை வாங்கச் சொல்லி அம்மா என்னோடு வாதாடினார்.

---

இணுவில் மேளம் எழுதியது:

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு விடயத்தை எல்லோரும் வசதியாகத் தாண்டிப் போகிறீர்கள். மழைக்கு இறங்காமை செயற்கைத் தோலின் வெற்றி என்று பனையண்ணர் எழுதிவிட்டுப் போக, ஒருவரும் மறுக்கவில்லை.

நான் தவில் வாசிக்கும் குடும்பத்தில் பிறந்தவன். யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியின் பெயரைச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொற்கட்டு ஆரம்பிப்பார்கள். மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியப்புறம் கோயிலுக்குப் போகும்போது, வாடைக்காற்றும் பனியும் மழை ஈரமும் சேர்ந்து தோல் இறங்கிப்போய் இருக்கும். ஆவணியில் சோளகம் வீசி முடியும் நேரத்தில் நல்லூரில் நின்று வாசிக்கும்போது, அதே தவில் கல் மாதிரி ஏறி நிற்கும். இரண்டு காலத்துக்கும் இரண்டு விதமாகக் கை போகவேண்டும். இறங்கிய தோலில் அடியைச் சற்று உள்ளே தள்ளி, இடைவெளி விட்டு வாசிப்போம்; ஏறிய தோலில் விரற்கூடு போட்ட விரல்கள் தாமாகவே ஓடும். தோல் மாறுவதால் வாசிப்பும் மாறுகிறது. மாறாத தோலில் வாசித்துப் பழகியவனுக்கு ஒரே வாசிப்புத்தான் வரும்.

நாங்களும் பரிசோதித்துப் பார்க்காமல் இல்லை. ஆறேழு வருடங்களுக்கு முன்பு, பாவனையில் இல்லாத ஒரு பழைய தவிலின் வலந்தலையில் பொலியெஸ்ரர் படலத்தை ஏற்றினோம். வார்க்கட்டுக்குப் பதிலாக இரும்பு வளையமும் திருகாணியும் கொண்ட தவில் அது. ஆதலால் ஏற்றுவதில் சிரமம் இருக்கவில்லை. சத்தம் மூன்றாம் வீதி வரை கேட்டது. ஆனால் அது தவில் சத்தமாக இருக்கவில்லை. தகரக் கூரையில் பாக்கு விழுந்தது போல் இருந்தது. பத்து நிமிடத்தில் கழற்றிவிட்டோம். நாரொட்டிய படலம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்குமோ என்ற எண்ணம் இந்த இழையை வாசித்த பிறகு வருகிறது என்பதையும் மறைக்கவில்லை.

---

பனியில் ஒரு பனை எழுதியது:

இணுவில் மேளம் அவர்களே, மழைக்கு இறங்காமையை வெற்றி என்று நான் எழுதவில்லை. கவலை தீர்ந்தது என்றுதான் எழுதினேன். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் உங்கள் கண்டிப்பு நியாயமானதுதான்.

அந்தக் கவலை எவ்வளவு பெரியதாக இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம். 1920களில் அமெரிக்க நடன மண்டபங்களில் வாசித்த ட்ரம்காரர்கள், பெரிய ட்ரம்முக்குள் மின்விளக்கைப் பொருத்தி எரியவிட்டார்கள். முன்தோலில் வரைந்த படம் ஒளிர்வது பார்ப்பவர்களுக்கு அழகு. வாசிப்பவருக்கோ அது தோலை உலர்த்தும் அடுப்பு. நம் ஊரில் பறையைச் சருகு மூட்டிக் காய்ச்சுவதும் அதே வேலைதான். எங்களிடம் மின்சாரக் கட்டணம் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

கரையோரத் தாளம், உங்கள் அப்பப்பா ஊர்வலத்துக்கு முன்னர் என்ன செய்வார் என்று நினைவிருக்கிறதா?

---

கரையோரத் தாளம் எழுதியது:

நன்றாக நினைவிருக்கிறது. சிரட்டைக்கரியைச் சட்டியில் கொழுத்தி, பெரிய ட்ரம்மைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, தோலின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே சுற்றுவார். கடற்காற்று உப்பும் ஈரமுமாக வரும் ஊர் அல்லவா. கை தாங்கக்கூடிய சூட்டுக்கு மேல் தோலுக்குக் காட்டக்கூடாது என்பார். ஊர்வலம் கோயிலை ஒருமுறை சுற்றி வருவதற்குள் தோல் மறுபடி இறங்கிவிடும். கடைசித் தெருவில் ட்ரம் 'டும்' என்று சொல்லாது, 'பொத்' என்று சொல்லும். அந்தப் 'பொத்'தைக் கேட்டால் ஊர்வலம் முடியப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

சுருதிப்பெட்டி ஐயா சொன்னபடி செய்து பார்த்தேன். கைபேசியில் சுருதி பார்க்கும் செயலியை வைத்துக்கொண்டு, ஒரே சைட் ட்ரம்மில் வெள்ளைப் பூச்சுத் தோல், ஃபைபர்ஸ்கின் ஆகிய இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்டி, முதலில் இரண்டையும் ஒரே சுருதியிலும் பிறகு ஃபைபர்ஸ்கின்னை மட்டும் ஒரு சுரம் கீழேயும் வைத்து அடித்தேன். ஒரே சுருதியில் ஃபைபர்ஸ்கின் கடினமாகவே இருந்தது. ஒரு சுரம் இறக்கியதும் குச்சி இறங்கத் தொடங்கியது. அப்பப்பாவின் தோலளவுக்கு இல்லை. ஆனால் இறங்குகிறது என்று அடித்துச் சொல்வேன்.

அடுத்து எதிர்பாராத ஒன்று நடந்தது. மூன்றாம் நாள் இரவு முழுவதும் மழை. காலையில் எடுத்து அடித்தால் ஒலி சற்றே அடங்கியிருந்தது. செயற்கைத் தோலுக்கு ஈரம் ஏறுமா?

---

சுருதிப்பெட்டி எழுதியது:

பொலியெஸ்ரர் படலம் உறிஞ்சும் ஈரம் அதன் எடையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. தோலைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன்பு ட்ரம்மின் மற்றைய உறுப்புகளைப் பாருங்கள். உங்களுடையது மரக் கூடு, மரவளையமும் இருக்கக்கூடும். மரம் ஈரம் குடித்துப் பருத்தால் இழுவிசை இடத்துக்கு இடம் மாறும். வெப்பநிலை இறங்கியிருந்தாலும் படலத்தின் இழுவிசை மாறும். போதாததற்கு, புதிய தோல் முதற்சில நாட்களுக்கு வளையத்தில் 'உட்காரும்' வரை தளர்வது வழக்கம் என்று பனையண்ணர் சொல்வார் என்று நினைக்கிறேன்.

---

பனியில் ஒரு பனை எழுதியது:

சொல்கிறேன். புதிய தோலை விரலால் முறுக்கும் அளவுக்குப் பூட்டி, பிறகு எதிரெதிர்த் திருகாணிகளை அரைச் சுற்று அரைச் சுற்றாக ஏற்றி, நடுவில் உள்ளங்கையால் அழுத்தி உட்கார வைத்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் மறுபடி சுருதி பாருங்கள். அழுத்தும்போது பசை 'பட்பட்' என்று வெடிக்கும் ஓசை கேட்டால் பயப்படவேண்டாம்.

அதைவிட முக்கியமான ஒன்றை முதலிலேயே கேட்டிருக்கவேண்டும். தோலின் உலோக வளையம் உங்கள் மரக் கூட்டின்மேல் தானாக இறங்குகிறதா, அல்லது தள்ளி இறக்கவேண்டியிருக்கிறதா? கன்றுத்தோல் காலத்துக் கூடுகள் சில, இன்றைய அளவைவிட ஒரு மயிர் பெரிதாக இருக்கும். அந்தக் காலத்தில் ஈரத்தோலை மர வளையத்தில் சுற்றி மடித்துச் சொருகி அந்தந்த ட்ரம்முக்கே அளவாகக் காயவிட்டார்கள்; ஆகவே பிரச்சினை எழவில்லை. இன்றைய தோல் அலுமினிய வளையத்தோடு ஒரே அளவில் வருகிறது. அது கூட்டை இறுக்கிப் பிடித்தால், எவ்வளவு விலை கொடுத்த தோலானாலும் மூச்சு விடாது. அக்குவாரியன் நிறுவனம் அமெரிக்கன் விண்டேஜ் என்ற பெயரில் பழைய கூடுகளுக்காகவே சற்றுப் பெரிய அளவில் தோல் செய்வது இதனால்தான்.

கூட்டின் விளிம்பையும் தடவிப் பாருங்கள். இன்றைய ட்ரம்முக்குக் கத்தி போலச் சீவிய விளிம்பு. பழையதற்குப் பெரும்பாலும் உருண்டை விளிம்பு. உருண்டை விளிம்பு தோலை அதிக இடத்தில் தொடுவதால் அதுவே மேலதிர்வை ஓரளவு அடக்கும். அப்படிப்பட்ட விளிம்பில் தடித்த நார்த்தோலைப் போட்டால் அடக்கத்துக்குமேல் அடக்கம், போர்வைக்குமேல் போர்வை. மெல்லிய ஸ்கின்டோனோ, டிப்ளோமட் என்னும் மெல்லிய தடிப்பு ஃபைபர்ஸ்கின்னோ அங்கே பொருந்தக்கூடும்.

---

வல்லை வெளி எழுதியது:

நீண்டநாள் வாசகன், முதல் முறை எழுதுகிறேன். 'கன்றுத்தோலைப் போன்ற' என்று நாம் எவ்வளவு இயல்பாகச் சொல்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சைட் ட்ரம்மின் அடிப்பக்கத்துக்கு, கம்பிகள் உரசும் பக்கத்துக்கு, அக்காலத்தில் பூட்டிய மிக மெல்லிய தோல், பிறவாக் கன்றின் தோல் என்று அறிந்தபோது எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் பசுவை வாசலில் கட்டி வைத்துப் பொங்கல் வைக்கிறவர்கள் நாங்கள்.

அதே வீட்டுக் கலியாணத்துக்குத் தவில் வந்தால் ஒருவரும் அதன் தோலைப் பற்றிக் கேட்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே நான் யாருக்கும் நியாயம் சொல்ல வரவில்லை. செயற்கைத் தோலைத் தேர்ந்தெடுப்பவர்களில் என்னைப் போல் ஒலிக்கு அப்பாற்பட்ட காரணம் உள்ளவர்களும் இருக்கிறார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

---

இணுவில் மேளம் எழுதியது:

வல்லை வெளி ஐயாவின் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் தோலைப் பதமாக்கி, மயிர் நீக்கி, வெயிலில் இழுத்துக் காயவைத்து எங்களுக்குக் கொண்டுவந்து தருபவரின் கையை நாம் யாரும் பேசுவதில்லை. எந்த ஆட்டின் தோல் எந்தத் தவிலுக்கு ஆகும் என்று விரலால் தடவியே சொல்லிவிடும் ஒருவர் எங்கள் பக்கத்தில் இருந்தார். அவர் போனபின் அந்த விரலும் போய்விட்டது. அவருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போனது சரிதான், அந்த வேலைக்கு ஊர் கொடுத்த மரியாதை அப்படி. நல்ல தோல் கிடைக்காமற் போவதால்தான் செயற்கைத் தோல் வரும். ஒலி நன்றாக இருப்பதால் அன்று.

கரையோரத் தாளத்துக்கு ஒரு யோசனை. கன்றுத்தோல் என்று ஏன் தேடவேண்டும்? இங்கே ஆட்டுத்தோல் இருக்கிறதே. பெரிய ட்ரம்முக்கு ஏற்றிப் பார்க்கலாமே.

---

பனியில் ஒரு பனை எழுதியது:

இது நல்ல யோசனை; வேடிக்கையாக எடுக்கவேண்டாம். வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் டிம்பனிகளுக்கு இன்றும் ஆட்டுத்தோல்தான் பூட்டுகிறார்கள். உலகத்தில் எந்தச் செயற்கைத் தோலையும் வாங்கக்கூடிய குழு அது. ஆயினும் ஆட்டை விடவில்லை.

ஆனால் 28 அங்குலத்துக்கு ஏற்றவேண்டுமென்றால் மடித்துச் சொருகுவதற்கு ஓரம் விட்டு முப்பத்திரண்டு அங்குலமாவது அகலமுள்ள, ஓட்டையில்லாத ஒரே தோல் வேண்டும். அந்த அளவு ஆட்டைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை. மர வளையமும் வேண்டும்.

---

மருதடி நிழல் எழுதியது:

அடியோசைக்கும் கைக்கும் வேறுவேறு புள்ளி போட்டீர்களே, பனையண்ணா, அதைப் பற்றி ஒரு கேள்வி. நான் கண்ணை மூடிக்கொண்டு, நண்பரை இரண்டு மிருதங்கத்திலும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். 'தீம்' எது எதில் வந்தது என்று ஆறு முறையில் இரண்டு முறை தவறிச் சொன்னேன். நானே வாசித்தபோது ஒரு முறைகூடத் தவறவில்லை. அப்படியானால் நான் 'ஒலி வேறு' என்று இவ்வளவு நாள் சொல்லிவந்ததில் எவ்வளவு பங்கு என் காதுடையது, எவ்வளவு பங்கு கையுடையது?

---

பனியில் ஒரு பனை எழுதியது:

தங்கச்சி, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். எங்கள் குழுவிலும் இதே பரிசோதனையைச் செய்தோம். மண்டபத்தின் பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் கன்றுத்தோலும் ஃபைபர்ஸ்கின்னும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வெள்ளைப் பூச்சுத் தோலை மட்டும் எல்லோரும் கண்டுபிடித்தார்கள். வாசித்தவர் மூன்றையும் முதல் அடியிலேயே சொன்னார். ஆனால் இதை வைத்து 'கேட்பவருக்கு ஒன்றுதானே' என்று முடித்துவிட முடியாது. கை ஏமாறாதபடியால் வாசிப்பவர் வேறு விதமாக வாசிக்கிறார்: இறங்கும் தோலில் மெதுவான அடிகளைத் துணிந்து போடுகிறார், எறியும் தோலில் அவற்றைத் தவிர்க்கிறார். அந்த வித்தியாசம் பின்வரிசைக்கும் போய்ச் சேருகிறது. தோலின் ஒலியாக அன்று, வாசிப்பாகப் போய்ச் சேருகிறது. இணுவில் மேளம் மார்கழித் தவிலைப் பற்றி எழுதியதும் இதுதான் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

---

கரையோரத் தாளம் எழுதியது:

இரண்டு கிழமை கழித்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனையண்ணா சந்தேகப்பட்டது சரி. சைட் ட்ரம்மின் வளையம் ஒரு பக்கத்தில் இறுகியிருந்தது. கூட்டை மரவேலைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். விளிம்பில் கை வைக்கவே கூடாது என்று சொல்லி, வெளிப்புறத்தில் எப்போதோ யாரோ தடிப்பாகப் பூசியிருந்த வாணிசை மட்டும் சுரண்டச் சொன்னேன். அதுவே போதுமாக இருந்தது. வளையம் இப்போது தானாக இறங்குகிறது. விளிம்பு அண்ணா சொன்ன உருண்டை விளிம்புதான். ஆகவே மாமாவிடம் சொல்லி மெல்லிய தடிப்பில் ஒன்று எடுப்பித்திருக்கிறேன். அது வரும்வரை இருக்கும் ஃபைபர்ஸ்கின்னையே ஒரு சுரம் இறக்கி வைத்து வாசிக்கிறேன். அடிப்பக்கத்துக்குச் சாதாரண மெல்லிய படலம் போதும் என்று விட்டுவிட்டேன். வல்லை வெளி ஐயா நிம்மதியாகச் சாப்பிடலாம்.

பெரிய ட்ரம்முக்கு, அடிக்கும் பக்கத்தில் ஃபைபர்ஸ்கின். மறுபக்கம் இப்போதைக்குப் பழைய வெள்ளைத் தோல். அடிக்கும் தோலுக்குக் குறுக்கே நாலு விரல் அகலக் கம்பளித் துண்டு ஒன்றை இழுத்துப் பூட்டினேன். மறுபக்கத்துக்கு ஆட்டுத்தோல் தேடுகிறேன். இணுவில் மேளம் அண்ணாவுக்குத் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறேன். அவர் ஓர் இடம் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறோம்.

நேற்று மாலை கடற்கரையில் வைத்து அடித்துப் பார்த்தபோது அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சத்தம் சரி. ஆனால் அவர் அடிக்கும்போது கடைசியிலே ஒரு 'பொத்' வருமே, அது எங்கே?" என்றார்.